உப்புக்குள் வைத்த காற்று

ஜூன் 3

அடியே பொடி,

நல்லா இருக்கியான்னு கேக்க மாட்டேன். நல்லாத்தான் இருப்பே, உனக்கென்ன கேடு.

இன்னிக்குக் காலையில ஷிஃப்டுக்குப் போறேன், கேட்டுக்கிட்ட ஒரே கூட்டம். நோட்டீஸ் போர்டுல அந்தப் பட்டியலை ஒட்டியிருக்காங்க. நாட்டுல யார் யாருக்கு ஹைட்ரஜன் குழாய் வரும், யாருக்கு வராதுன்னு. எஃகு ஆலைக்கு உண்டு. உர ஆலைக்கு உண்டு. கப்பலுக்குக்கூட உண்டாம். எங்க கண்ணாடி ஆலைக்கு இல்லை. மேலேர்ந்து கீழே ஒரு தடவை, கீழேர்ந்து மேலே ஒரு தடவை படிச்சேன். அடியில மூணு கையெழுத்து. மூணாவது உன்னோடது. ஸ்கூல் நோட்டுல போட்ட அதே கோழிக்கால் கையெழுத்து, ஒரு சுழி மாறலை.

உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்றேன், சொன்னாத்தான் எனக்கு ஆறும். எங்க பக்கத்துக்கு வர்ற பழைய கேஸ் லைனை இன்னும் பதினெட்டு மாசத்துல மூடறாங்க. உலையோட செங்கல்லும் தேஞ்சாச்சு, அதுக்குள்ள புதுசா கட்டியாகணும். எங்க முதலாளி சின்னவர் ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு: ஹைட்ரஜன் வந்தா புது உலை, வராட்டி உள்ள இருக்கற கண்ணாடியை வடிச்சுட்டு கேட்டைப் பூட்டிடலாம். நூத்தி நாப்பது பேர்டி. இந்த ஊர்ல வேற எங்க போய் நிப்பாங்க? மருந்து பாட்டில் செய்யத் தெரிஞ்ச கைக்கு வேற என்ன வேலை கொடுப்பே?

இந்த உலையைப் பத்தவெச்சு பதினோரு வருஷம் ஆச்சு. லீவு, புயல், வேலைநிறுத்தம், எதுக்கும் அணைஞ்சதில்லை. அணைஞ்சா உள்ள இருக்கறதெல்லாம் கல்லா உறைஞ்சு உலையையே பிளந்துடும். நான் அதை அப்படிப் பாத்துக்கிட்டிருக்கேன். நீ ஒரு பேனாவால அணைச்சுட்டே.

போன மாசம்தானே வந்தே? என் சமையலறையில உக்காந்து மூணு தடவை போட்டுச் சாப்பிட்டியே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னியா?

போன் பண்ணாதே. போன்ல நீ "அக்கா"ன்னு இழுத்தா நான் கரைஞ்சு போயிடுவேன். சொல்றதை எழுது.

அக்கா

*

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்து ஐந்து நாளாகிறது. மூன்று பதில்கள் எழுதிக் கிழித்தேன். இது நான்காவது.

ஆமாம், கையெழுத்து என்னுடையதுதான். பட்டியல் வெளிவரும்வரை குழுவில் இருப்பவர்கள் வெளியே பேசக்கூடாது என்று விதி. அது ஒரு காரணம். இன்னொன்று, எனக்குத் தைரியம் இல்லை. உன் சமையலறையில் இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் நீ தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாய்.

ஏன் கொடுக்கவில்லை என்று சொல்கிறேன். கோபம் தீரும் என்று சொல்லவில்லை. ஹைட்ரஜன் தானாகக் கிடைப்பதில்லை. காற்றாலை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து அதை எடுக்கிறோம். பத்துப் பங்கு மின்சாரத்தைப் போட்டு ஹைட்ரஜனாக்கி, அதை எரித்துத் திரும்பவும் மின்சாரமாக்கினால் கையில் வருவது மூன்றரைப் பங்குதான். மீதி வழியிலேயே போய்விடும். அதனால் மின்சாரமே நேராகச் செய்யக்கூடிய வேலைக்கு ஹைட்ரஜனைக் கொடுப்பது ஊதாரித்தனம். எஃகு ஆலைக்கு வேறு வழியில்லை. உரம் அதிலிருந்தேதான் செய்யப்படுகிறது. உன் உலைக்கு வழி இருக்கிறது. உருகிய கண்ணாடிக்குள் மின்சாரத்தை நேராக ஓடவிட்டு அதையே சூடாக்கலாம். அறிக்கையில் அறுபத்தோராம் பக்கம். அந்தப் பக்கத்தை எழுதியது நான்தான். எழுதும்போது உன் முகத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அறுபத்தோராம் பக்கம்வரை யாரும் படிப்பதில்லை என்பதை நினைக்கவில்லை.

இப்போது என்னை ஹைட்ரஜனைச் சேமித்து வைக்கும் உப்பு நிலையத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். அக்கா, இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும், நீ கோபமாக இருந்தாலும் பரவாயில்லை. இங்கே மேலே பார்த்தால் ஒன்றுமே இல்லை. கம்பி வேலி, புல், இடுப்பளவுக்கு ஏழு குழாய் மூடிகள். ஆனால் ஒவ்வொரு மூடிக்கும் கீழே ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், பாறையாய்க் கிடக்கும் உப்புக்குள் ஒரு அறை இருக்கிறது. மூன்று வருடம் தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்து உண்டாக்கிய அறை. அறுபது மாடிக் கட்டடத்தை உள்ளே நிற்க வைக்கலாம். ஒலியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்து வரைந்த படம் ஒன்று என் மேசைமேல் இருக்கிறது. நிமிர்த்தி வைத்த கத்தரிக்காய் மாதிரி இருக்கிறது. அந்த அறைக்குள் மனிதர் யாரும் போனதில்லை. போகப்போவதும் இல்லை. முதல் நாள் அந்தப் படத்தின் முன்னால் மதியச் சாப்பாட்டை மறந்து நின்றுவிட்டேன்.

உன் தங்கை

*

ஜூன் 25

பொடி,

உன் கடிதம் ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரி இருக்கு. "ஊதாரித்தனம்"னு எங்கிட்டயே எழுதறியா? அப்பா சட்டையை வெட்டி பொம்மைக்குப் பாவாடை தெச்சவ நீ.

சரி, கேளு. ஆபீஸுக்கு வந்த அறிக்கையிலேர்ந்து அறுபத்தோராம் பக்கத்தைக் கிழிச்சு எடுத்துட்டுப் போய் சின்னவர் மேசையில வெச்சேன். அவரு கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிப் படிச்சாரு. "இது நடக்குமா?"ன்னாரு. எனக்கே நம்பிக்கை இல்லை. கண்ணாடிக்குள்ள கரண்ட் ஓடுமாம்! கரண்ட் கம்பத்துல கம்பியைத் தாங்கற அந்தக் குமிழே கண்ணாடியிலயும் பீங்கான்லயும்தானே செய்யறாங்க, கரண்ட் போகாதுன்னுதானே? எங்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அந்த மனுஷன் மேதாவி மாதிரி சிரிச்சுட்டு, "ஆறின கண்ணாடியில போகாதும்மா, உருகின கண்ணாடியில போகும்"னாரு. இருபத்தாறு வருஷமா உலை முன்னால நிக்கறேன், எனக்கு இது தெரியலை பாரு. அன்னிக்கு முழுக்க உலையைப் பாக்கறப்பல்லாம் ஏதோ புது ஆளைப் பாக்கற மாதிரி இருந்துச்சு.

ஆனா நீ பெரிய படிப்பெல்லாம் படிச்சியே, இதுக்குப் பதில் சொல்லு. இப்ப கேஸ் குழாய்ல வருது, கரண்ட் போனாலும் நெருப்பு எரியும். நாளைக்கு எல்லாமே கரண்ட்டுன்னு ஆனப்புறம், குளிர்காலத்துல ரெண்டு வாரம் காத்தும் அடிக்கலை வெயிலும் வரலைன்னா என்ன பண்ணுவே? போன வருஷம் அப்படித்தானே இருந்துச்சு, ஒரு இலை ஆடலை. அப்ப யாரை முதல்ல வெட்டுவே? என்னைத்தானே?

இதுக்குப் பதில் வராம நான் சின்னவர்கிட்ட தலையாட்ட மாட்டேன்.

அந்த ஆளே போகாத ரூமைப் பத்தி எழுதியிருந்தியே. பஸ்ல வரும்போதெல்லாம் அதே ஞாபகம்தான். எதுக்கு அப்படி எழுதினே?

அக்கா

*

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கேள்வியை நேற்றுக் குழுக் கூட்டத்தில் வார்த்தை மாறாமல் படித்தேன். தலைவர் தண்ணீர் குடித்தார். பிறகு, "யார் கேட்டது?" என்றார். "உலைக் கண்காணிப்பாளர் ஒருவர்" என்றேன்.

பதில் இதுதான்: அந்த இரண்டு வாரத்துக்காகத்தான் உப்பு அறைகள். கோடையில் காற்று தேவைக்குமேல் அடிக்கும்போது மிஞ்சும் மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி உள்ளே அனுப்புகிறோம். காற்று நின்ற நாளில் அதை மேலே எடுத்து, டர்பைனில் எரித்து, மின்சாரமாக்கிக் கம்பியில் விடுவோம். பத்துக்கு மூன்றரைதான் கிடைக்கும் என்று எழுதினேன். ஒன்றுமே இல்லாத நாளில் அந்த மூன்றரை போதும். ஆக, ஹைட்ரஜன் உன் உலைக்குக் குழாயில் வராது. கம்பி வழியாக வரும். இது ஆறுதலுக்காகச் சொல்வது இல்லை, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

இங்கே வாசலில் ஒரு துடைப்பம் தொங்குகிறது. பெருக்குவதற்கு என்று நினைத்து எடுத்துவிட்டேன், அங்கிருந்தவர்கள் எல்லோரும் சத்தம் போட்டார்கள்! ஹைட்ரஜன் எரிந்தால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்குத் தெரியாதாம். புகை இல்லை, நிறம் இல்லை. முன்காலத்தில் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார்களாம். அதன் நுனி பற்றிக்கொண்டால் அங்கே தீ இருக்கிறது என்று அர்த்தம். இப்போது கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் எங்கள் மூத்த மெக்கானிக் துடைப்பத்தை எடுக்கவிடுவதில்லை. பயிற்சிக்கு ஒரு சிறு குழாயில் எரித்துக் காட்டினார். நான் வெறும் குழாயைத்தான் பார்த்தேன். துடைப்பத்தை நீட்டினார், வெறுங்காற்றில் அது தீப்பிடித்தது. எரிந்து வெளியே வருவது வெறும் நீராவிதான். மேலே பிடித்த இரும்புத் தகட்டில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. தொட்டுப் பார்த்தேன், தண்ணீர்.

உன் தங்கை

*

அடுத்த ஆண்டு, செப்டம்பர் 12

பொடி,

உலை பத்தியாச்சு. பத்தியாச்சுன்னு சொல்லலாமான்னுகூடத் தெரியலை, நெருப்பே இல்லையே.

வருஷம் ஒண்ணாச்சு நான் உனக்கு ஒழுங்கா எழுதி. நடுவுல போட்ட ரெண்டு கார்டையும் கணக்குல சேக்காதே, அதெல்லாம் வீம்பு. சின்னவரைச் சம்மதிக்க வெக்கவே ஆறு மாசம் போச்சு. பழைய கண்ணாடியை வடிச்ச அன்னிக்கு எங்க ஆளுங்க உலையைச் சுத்தியே நின்னாங்க. சாப்பாட்டு மணி அடிச்சும் யாரும் போகலை.

புது உலையை எப்படிச் சொல்ல? பழைய உலையில எட்டிப் பாத்தா உள்ள சூரியன் மாதிரி தகதகன்னு இருக்கும். இதுல மேலாக மணலும் சாம்பலும் கொட்டின மாதிரி ஒரு போர்வை. கறுப்பா, சாதுவா கெடக்கு. முதல் நாள் நான், "அய்யய்யோ, உலைக்கு முகமே போச்சே"ன்னு கத்திட்டேன். அப்புறம் பக்கவாட்டு ஓட்டையில நீலக் கண்ணாடியை வெச்சுப் பாத்தேன். அடேயப்பா. அந்தப் போர்வைக்கடியில ஆயிரத்து ஐந்நூறு டிகிரி. சத்தமில்லை, ஜ்வாலை இல்லை, கண்ணாடி தானே தனக்குள்ள கொதிச்சுச் சுருண்டு சுருண்டு வருது. பிரமிச்சு நின்னுட்டேன். பின்னால ஒருத்தன் தோளைத் தட்டி, "நாங்களும் பாக்கணும்"னான். வரிசையில நின்னு பாத்தாங்க. ஐம்பது வயசு ஆளுங்க, சர்க்கஸ் பாக்க வந்த மாதிரி.

பாட்டில் நல்லா வருது, ஒரு குமிழி இல்லை. நூத்தி நாப்பது பேரும் இருக்கோம். உன்மேல கோபம் முக்கால்வாசி போச்சு. மீதியை நேர்ல வந்து வாங்கிக்கோ.

அக்கா

*

அக்டோபர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இதை அலுவலகத்தில் இருந்துதான் எழுதுகிறேன், ஆனால் தங்கையாக எழுதுகிறேன். அலுவலகக் கடிதம் தனியாக வரும்.

குளிர்காலத்துக்கான வெட்டுப் பட்டியல் தயாராகிறது. உப்பு அறைகளும் போதாமல் போனால் யாருக்கு, எத்தனை மணி நேரம் மின்சாரத்தை நிறுத்தலாம் என்ற பட்டியல். மூன்று வருடத்துக்கு முன் எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் ஒரு படிவம் போயிருக்கிறது. "மின்சாரம் இல்லாமல் எத்தனை மணி நேரம் தாங்குவீர்கள்?" உங்கள் படிவம் இன்று என் கையில் வந்தது. பன்னிரண்டு மணி நேரம் என்று எழுதியிருக்கிறது. கீழே, "தேவைப்பட்டால் இன்னும்கூட." கையெழுத்து உன்னுடையது.

அந்தப் பன்னிரண்டை நம்பி, முதல் சுற்றிலேயே உங்களுக்கு நான்கு மணி நேரம் நிறுத்துவதாகப் போட்டிருக்கிறார்கள். அக்கா, நான்கு மணி நேரத்தை அந்த உலை தாங்குமா? உண்மையைச் சொல்.

உன் தங்கை

*

அக்டோபர் 13

பொடி,

படிச்சதும் உடனே எழுத உக்காந்துட்டேன்.

நான்தான் எழுதினேன். அப்ப கேஸ் உலை. கரண்ட் போனா ஃபேனும் பாட்டில் மெஷினும் நிக்கும், நெருப்பு நிக்காது. புயல்ல ஒரு தடவை பன்னெண்டு மணி நேரம் சமாளிச்சோம், அந்தப் பெருமையில எழுதிட்டேன். இன்னொண்ணும் இருக்கு, உங்கிட்ட மறைக்கறதுக்கென்ன. உலைக்காரங்க வெளியாள்கிட்ட உலையைப் பத்திக் குறையே சொல்ல மாட்டோம். தொழில்ல சேர்ந்த முதல் நாள்லேர்ந்து அப்படித்தான். "உலை எப்படி?"ன்னு யாரு கேட்டாலும் "ஜோரா இருக்கு"ங்கறதுதான் பதில், செங்கல் உதிர்ந்துக்கிட்டிருந்தாலும். உலை மாறினப்புறம் அந்தப் படிவம் எனக்கு ஞாபகமே வரலை.

உண்மை இது. ரெண்டரை மணி நேரத்துல தொண்டை உறையும். தொண்டைன்னா உருகின கண்ணாடி வெளியே வர்ற வழி. நாலு மணி நேரம் ஆனா கண்ணாடி ஆறிடும். ஆறின கண்ணாடியில கரண்ட் ஓடாது, ஓடாட்டி திரும்பச் சூடாகாது. அவ்வளவுதான், உலை செத்துச்சு. சின்னவர் இன்னொரு தடவை கட்ட மாட்டாரு.

நூத்தி நாப்பது பேரோட சோத்துல நானே மண்ணை அள்ளிப் போட்டிருக்கேன். சரியான மணிக்கணக்கை எழுதி, "தப்பு என்னோடது"ன்னு கையெழுத்துப் போட்டுத் தனியா அனுப்பியிருக்கேன். உனக்குக் கெட்ட பேர் வரும்னா நீ இதுல தலையிடாதே.

அக்கா

*

நவம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைக் குழுவில் வைத்தேன். "அவர் என் அக்கா" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வராந்தாவில் உட்கார்ந்துகொண்டேன். நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடத்தில் நகமே மிஞ்சவில்லை.

நீ திருத்திய மணிக்கணக்கை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் உலைக்கு விலக்கு கொடுத்தால், அதே மின்தடத்தில் வேறு யாராவது அந்த அளவை விட்டுக்கொடுக்க வேண்டும். உன் உலை எடுக்கும் மின்சாரமும் உங்கள் ஊர் வீடுகள் மொத்தமும் எடுக்கும் மின்சாரமும் ஏறக்குறைய ஒன்று. வேறு ஆள் இல்லை, அக்கா. அந்த நான்கு மணி நேரத்தை ஊர் தாங்கினால் உலை தப்பும். பாதி வீடுகளாவது கையெழுத்துப் போட்டுச் சம்மதிக்க வேண்டும். டிசம்பர் பதினைந்து கடைசி நாள். இல்லையென்றால் பழைய பட்டியல்தான்.

மருத்துவமனைக்கு விலக்கு உண்டு. வெட்டு வந்தால் பகல் இரண்டிலிருந்து ஆறு வரை என்று போராடி வாங்கியிருக்கிறேன். இதற்குமேல் என்னால் முடியவில்லை. மன்னித்துவிடு.

உன் தங்கை

*

டிசம்பர் 16

பொடி,

மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரம் வீடு. ஆயிரத்துப் பன்னெண்டு கையெழுத்து. நேத்து சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்தாச்சு.

ஆனா அந்த ஆறு வாரம் இருக்கே. முழங்கால் வீங்கிப்போச்சு. உலையில வேலை பாக்கறவங்க வீடெல்லாம் உடனே போட்டுடுச்சு. மத்தவங்க ஏன் போடணும்? ஒரு வீட்டுல, "குளிர்ல என் குழந்தையை என்ன பண்ணச் சொல்றே?"ன்னு கேட்டா ஒரு பொண்ணு. மார்க்கெட் தெருத் தையல்காரர் வீட்டு வாசல்லயே வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. "உன் உலை உசத்தி, எங்க வீடு மட்டமா? யாரைக் குளிர்ல போடலாம்னு பட்டியல் போடறதுக்கு நீ யாரு?"ன்னாரு. தெருவே பாத்துச்சு. திரும்பி வர்ற வழியிலதான் உறைச்சுது. ஒண்ணரை வருஷம் முன்னால நான் உனக்கு எழுதினது இதேதான், இதைவிட மோசமா.

கோழிக்கால் கையெழுத்துன்னு உன்னைக் கேலி பண்ணினேனே. அந்தக் கையெழுத்தைப் போட உனக்கு எப்படி இருந்திருக்கும்னு ஒரு தடவைகூட யோசிக்கலை. வெக்கமா இருக்கு பொடி. நெசமாவே வெக்கமா இருக்கு.

தையல்காரர் கடைசிவரை போடலை. அவரு நியாயம் அவருக்கு.

அக்கா

*

ஜனவரி 11

அக்கா,

இன்னிக்கு அழகா எழுத வராது. கை வந்தபடி எழுதறேன்.

இன்னியோட ஒம்பது நாள். காத்து இல்லை. கடற்கரையில நிக்கற அத்தனை காத்தாடியும் செலை மாதிரி நிக்குது. வானம் மூடியே இருக்கு, சூரியன் எங்கன்னு தெரியலை. நாடே குளிர்ல விறைச்சுக் கெடக்கு. ஆனா விளக்கு எரியுது அக்கா! எல்லா ஊர்லயும் எரியுது! எங்கேர்ந்து வருதுன்னு யாருக்கும் தெரியாது. இங்க நாங்க முப்பத்தோரு பேரு, இடுப்பளவு ஏழு மூடி.

முதல் நாள் டர்பைன் ஓட ஆரம்பிச்சப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். தரை அதிர்ந்துச்சு. ஒரு கிலோமீட்டர் கீழே, யாரும் பாக்காத அந்த இருட்டு ரூம்லேர்ந்து அது மேல வருது. குழாய்ல காதை வெச்சுக் கேட்டேன், மூச்சு விடற மாதிரி ஒரு சத்தம். மூத்த மெக்கானிக் தொப்பியைக் கழட்டிட்டாரு. ஏன்னு கேட்டேன். "தெரியலைம்மா, கை தானா போச்சு"ன்னாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு. வெளியில புகைபோக்கியைப் பாத்தா வெறும் வெள்ளை ஆவி. இவ்வளவு பெரிய நாட்டைத் தாங்கிக்கிட்டு நிக்குது, அதுலேர்ந்து விழறது தண்ணி.

ஆனா பயமாவும் இருக்கு. ரூமைச் சுத்தமா காலி பண்ண முடியாது. உள்ள கொஞ்சம் அழுத்தம் இருந்தாத்தான் உப்புச் சுவர் நிக்கும், இல்லாட்டி மெல்ல மெல்ல உள்வாங்கிடும். ஏழுல நாலு ரூம் அந்த எல்லையைத் தொட்டாச்சு. மீதி மூணு. வானிலைக்காரங்க இன்னும் அஞ்சு நாள்னு சொல்றாங்க. நாளையிலேர்ந்து வெட்டு ஆரம்பம். உங்க ஊரு ரெண்டுலேர்ந்து ஆறு வரைக்கும். உலைக்கு வெட்டு இல்லை. அந்த வரியை நான் என் கண்ணால பாத்தேன்.

அந்தக் குழந்தை இருக்கற வீட்டுக்கு எப்படியாவது ஏதாவது பண்ணு அக்கா.

பொடி

*

ஜனவரி 19

அடியே பொடி,

காத்து வந்துடுச்சுன்னு உனக்கு நான் சொல்லணுமா? நேத்துக் காலையில ஜன்னல் படபடன்னு அடிச்சுக்கிச்சு, தெருவே வெளியில வந்து நின்னு வேடிக்கை பாத்துச்சு, வராத விருந்தாளி வந்த மாதிரி.

உலை இருக்கு. ஒரு டிகிரி இறங்கலை. இதை முதல்ல சொல்லிடறேன்.

இப்ப மீதியைக் கேளு. பன்னெண்டாம் தேதி ரெண்டு மணிக்கு ஊர்ல கரண்ட் நின்னுச்சு. அதுக்கு முன்னாலயே நான் சின்னவர்கிட்ட போய், "ஊரு தன் வெளிச்சத்தை நமக்குக் குடுக்குது, நாம சூட்டையாவது குடுக்கணும்"னேன். அவரு யோசிக்கவே இல்லை, உலை இருக்கற பெரிய ஹாலைத் திறந்து விடுன்னுட்டாரு. மஞ்சக் கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் பெஞ்சைப் போட்டோம். முதல்ல வந்தது அந்தக் குழந்தையும் அம்மாவும். அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க, நாற்காலியைத் தலையில தூக்கிக்கிட்டு. ஸ்கூல் டீச்சர் பிள்ளைங்களையெல்லாம் கூட்டிக்கிட்டு வந்து தரையில உக்காத்தி வெச்சுப் பாடம் நடத்தினா. ரெண்டாம் நாள் ஐந்நூறு பேருக்கு மேல. எங்க ஆளுங்க நடுவுல பாட்டில் எடுத்துக்கிட்டே இருக்காங்க, சுத்தி ஊரே உக்காந்திருக்கு. எல்லாரும் அந்தக் கறுப்புப் போர்வையைத்தான் பாத்துக்கிட்டிருந்தாங்க.

மூணாம் நாள் தையல்காரர் வந்தாரு. வர மாட்டாருன்னுதான் நெனச்சேன். கையில ஒரு சட்டை, பட்டன் தெக்கறதுக்கு. என்னைப் பாக்காம ஓரமா உக்காந்தாரு. அரை மணி நேரம் கழிச்சு, "நெருப்பு எங்க?"ன்னாரு. அவரைக் கூட்டிப்போய் ஓட்டையில நீலக் கண்ணாடியைப் பிடிச்சேன். பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. சட்டை கையிலேர்ந்து விழுந்ததுகூடத் தெரியலை.

"ஊர்ல ஒரு இலை ஆடலை, வெயில் இல்லை. இது எப்படி எரியுது?"ன்னாரு.

"போன ஜூலையில காத்து ஆளைத் தூக்கற மாதிரி அடிச்சுதே, ஞாபகம் இருக்கா?"

"என் கடைப் பலகையே பறந்து போச்சே, மறப்பேனா?"

"அந்தக் காத்துதான் இது. உங்க பலகையைத் தூக்கிட்டுப் போன அதே காத்து. அதோட கரண்டால தண்ணியைப் பிரிச்சு ஹைட்ரஜனா எடுத்து, பூமிக்கடியில உப்புக்குள்ள போட்டு, ஆறு மாசம் மூடி வெச்சிருந்தாங்க. இப்ப எடுத்து விட்டிருக்காங்க."

சொல்லும்போதே எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது பொடி. ரெண்டு வருஷமா நீ எழுதி எழுதி எனக்குப் பாதிதான் புரிஞ்சுது. அந்த நிமிஷம், ஐந்நூறு பேருக்கு நடுவுல, அந்த வெளிச்சம் அந்த மனுஷன் கண்ணுல அசையறதைப் பாத்தப்பதான் முழுசா புரிஞ்சுது. உள்ள கொதிக்கறது ஜூலை மாசம்.

அவரு ஓட்டையிலேர்ந்து கண்ணை எடுக்காமலே கேட்டாரு, "காத்தை எடுத்து வெக்கணும்னு யாருக்குத் தோணுச்சு? யாரு வெச்சது?"

பின்னால பெஞ்சுல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நீ தனியா வெக்கலை, முப்பத்தோரு பேருன்னு எழுதியிருந்தே, எனக்குத் தெரியும். உன் பட்டியலால இந்த ஊர்ல உன்னைத் திட்டாத வாய் இல்லை, முதல் வாய் என்னோடது, அதுவும் தெரியும். மெஷின் சத்தத்துக்கு மேல, கடைசி நாற்காலி வரைக்கும் கேக்கற மாதிரி சொன்னேன்:

"என் தங்கச்சி."